‘மறுபடியும்’ பொத்தான் இல்லாத வீடு

“தொட்டா பேசுது, சரி. தொடலன்னா சும்மாதானே கீது? மனுசன் அப்டியாமே? நீ வாயத் தொறக்கறதுக்குள்ள அரபிக்காரன் நாலு வார்த்த பேசிட்டுப் போய்க்கினே இருப்பான். அப்போ எந்தப் பொத்தான அமுத்துவ?” என்று கேட்டார் மாமா. அம்மாவின் தம்பி. குவைத்தில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். குப்பம் பக்கத்துக் குடுபல்லியில் எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, என் டேப்லெட்டில் இருந்த ஒட்டகப் படத்தைத் தொட்டுத் தொட்டு, அதை “ஜமல், ஜமல்” என்று கத்த வைத்துக்கொண்டே கேட்டார். நான் ஓமனுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அது. “நீ எப்டி கத்துக்கின மாமா?” என்றேன். “திட்டு வாங்கித்தான். மொத மாசம் பூரா திட்டு. ரெண்டாவது மாசம் அது இன்னா திட்டுன்னு புரிஞ்சிச்சி. மூணாவது மாசம் நானே திருப்பித் திட்டினேன்.” வீடே சிரித்தது. நைனா என்று நான் கூப்பிடும் அப்பா கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

ஓமனின் சோஹார் நகரத்தில் ஒரு மொழிப் பயிற்சி நிலையத்தில் வேலை செய்கிறேன். என் காலை இப்படித்தான் தொடங்கும்: அலமாரியைத் திறந்து, சார்ஜில் கிடக்கும் டேப்லெட்டுகளை ஒவ்வொன்றாக எழுப்புவேன். விழித்ததும் ஒவ்வொன்றும் ஒரே பெண்ணின் குரலில் “அஹ்லன், கைஃப் ஹாலுக்?” என்று என்னை நலம் விசாரிக்கும். ஒன்று முடிப்பதற்குள் இன்னொன்று தொடங்கிவிடும். அறை முழுக்க நலமா, நலமா, நலமா. பதிலுக்கு ஒன்றுகூடக் காத்திருக்காது. வந்த புதிதில் நான் நின்று “நலம், நன்றி” என்று அரபியில் சொல்லிப் பார்ப்பேன். பிறகு விட்டுவிட்டேன். வெளியே, வாசலில் காவலுக்கு இருக்கும் பெரியவர் அதே கேள்வியைக் கேட்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்ப்பார். அவருக்கு நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேகமாக உள்ளே போய்விடுவேன். அரபி தெரியாதவர்களுக்கு அரபி சொல்லித் தரும் இடத்தில் வேலை செய்கிறவள், ‘நலமா’ என்ற ஒரு கேள்விக்கு வாயால் பதில் சொல்லப் பயந்தேன். இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குரலை எனக்கு ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தெரியும். குப்பத்தில் பட்டம் முடித்து, திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் ஒரு மாடிக் கட்டடத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. பள்ளிப் பாடங்களைத் தொட்டால் பேசும் புத்தகமாக மாற்றிக் கொடுக்கும் நிறுவனம். ஒருநாள் அரபிப் புத்தகம் ஒன்று வந்தது. வளைகுடாவுக்குப் போகிற நர்சுகள், நோயாளிகளைக் கவனிக்கிற பெண்கள், ஓட்டுநர்கள், சமையல்காரர்கள் படிப்பதற்காக. விளக்கம் தெலுங்கிலும் தமிழிலும் இருக்க வேண்டும். இரண்டும் எழுதத் தெரிந்தவள் அந்த மாடியில் நான் மட்டுமே. சோஹாரிலிருந்து சல்மா என்ற ஆசிரியை குரல் பதிந்து அனுப்புவார். இங்கே எல்லோரும் அவரை உஸ்தாதா என்பார்கள், டீச்சர் என்பதைப் போல. அவர் இருமியதை, மூச்சு வாங்கியதை, நடுவில் தண்ணீர் குடித்ததை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, சுத்தமான சொல்லை மட்டும் படத்தில் பொருத்துவது என் வேலை. வெட்டி வெட்டியே அரபி கற்றேன். படிக்கிறவர் திருப்பிச் சொன்னால் புத்தகம் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும். சரியென்றால் பச்சை. தவறென்றால் சிவப்பு, கூடவே ‘மறுபடியும்’ என்று ஒரு பொத்தான். எத்தனை முறை தவறினாலும் அது முகம் சுளிக்காது. என்னைப் போன்றவளுக்கென்றே யாரோ செய்த பொத்தான் அது. புத்தகத்தை நடத்த ஆள் வேண்டும் என்று சோஹாரிலிருந்து கேட்டபோது நிறுவனம் என்னை அனுப்பியது.

என்னைப் போன்றவள் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ஒருநாள் வகுப்பில் தெலுங்கில் தவறாக ஏதோ சொன்னேன், மதிய உணவு வரை சிரித்தார்கள். அதற்குப் பிறகு, மனதுக்குள் வாக்கியம் முழுதாகச் சேர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பேன். வீட்டுக்கோ என் வாய்தான் எல்லாம். மண்டல் ஆபீசுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பாங்குக்கு, எங்கே போனாலும் நைனா என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பார். நான் ஒரு சொல் தவறினால் எங்கள் வீடு முழுவதும் தவறியதாகிவிடும். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே உதவியது, மதிப்பெண் வாங்க. ஆனால் பேச்சு என்பது எனக்கு எப்போதும் தேர்வாகவே இருந்தது.

இங்கே என் வகுப்புக்கு வருகிறவர்களில் மங்காக்கா புத்தூர்ப் பக்கம். நடக்க முடியாதவர்களை, படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்குப் போய்க் கவனித்துக்கொள்ளும் வேலை. அவரை அனுப்பும் ஏஜென்சியின் விடுதியில் தங்கியிருந்தார். அப்போது உம்மு சாலிம், அதாவது சாலிமின் அம்மா, என்று எல்லோரும் அழைக்கும் ஒரு பெண்மணியின் வீட்டுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். மகள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி, பிளஸ் டூ போன்ற இன்டர் படிக்கிறாள். மங்காக்காவுக்குப் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை, ஆனால் புத்தகத்தைப் போட்டு உலுக்கிவிடுவார். சிவப்பு வந்தால் “போடீ, நான் சரியாத்தான் சொன்னேன், ஒனக்குத்தான் காது அட்ச்சிக்கிச்சி” என்று திரையையே திட்டுவார். நான் மணிக்கணக்கில் மனதுக்குள் சேர்த்து வைத்திருக்கும் வாக்கியத்தின் பாதியை அவர் வாசல் பெரியவரிடம் கொட்டி, மீதியைக் கையால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை மதியம், வகுப்பு இல்லாத நேரத்தில், முகம் வீங்கி வந்து நின்றார்.

“சரளா, என்ன பொய்க்காரின்னு சொல்லிட்டாங்கமே. ஞாயித்துக்கெழமக்கி ஊருக்கு டிக்கெட் போட்றாங்களாம்.”

“யாரு? இன்னா ஆச்சி?”

“உம்மு சாலிம் நேத்து சாயங்காலம் உயுந்துடுச்சி. வாக்கர் இல்லாம வாசக்கதவு வரைக்கும் நடந்திருக்குது. இடுப்புல ஏற்கெனவே ஆபரேசன் பண்ணது. நல்லவேள, காயம் மட்டுந்தான். புள்ளக்காரன் ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கத்தறான். நான் டெய்லி ஏமாத்தறேனாம். வரேன்னு சொல்லிட்டு வர்றதில்லையாம். அது வாசலத் தொறந்து வெச்சிக்கினு, பிளாஸ்குல கஹ்வா காப்பி ஊத்தி வெச்சிக்கினு ஒக்காந்துக்கினு கீதாம். நான் எப்போமே வரேன்னு சொன்னேன்?”

“கெளம்பறப்போ நீ இன்னா சொல்லுவ அக்கா?”

“நீயே கேட்டியே, மைக்குல சொன்னேனே. பச்ச வந்துச்சே. அனா ராஜிஆ. வரேன்னு.”

விடைபெறும் பாடத்தின் கடைசியில், ஒரு பெண் கதவருகே நிற்கும் படம் இருக்கும். கீழே ஒரு மைக். நீங்களே ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று வரும். அன்று மங்காக்கா அதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. புத்தகம் ஒலியைத்தான் பார்க்கும், பச்சை காட்டியது. என் காதுக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. கிளம்பும்போது வரேன் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று போறேன் என்று சொல்கிறவளை எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் அரபியில் அது, இதோ திரும்பி வந்துவிடுகிறேன் என்ற வாக்கு. திரும்பி வருகிறேன் என்று ஒருத்தி தினமும் சொல்லிவிட்டுப் போக, மகன் துறைமுக வேலையிலிருந்து வரும்வரை தனியாக இருந்த ஒரு பெண்மணி அதை நம்பித் தினமும் கதவைப் பூட்டாமல் காத்திருந்திருக்கிறார்.

உஸ்தாதாவுக்குப் போன் செய்தேன். அவர் பிரசவ விடுப்பில் நிஸ்வாவில் அம்மா வீட்டில் இருந்தார். அவரோடு நான் ஆங்கிலத்தில்தான் பேசுவேன். கேட்டதும் முதலில் சிரித்தார். பிறகு, “பாவம், அந்த அம்மா. போய்ச் சொல்லிவிடு” என்றார்.

“நீங்கள் போனில் சொல்லுங்களேன்.”

“உங்கள் ஊர் வழக்கத்தை நான் எப்படிச் சொல்வது? எனக்கே இப்போதுதான் தெரியும். உனக்குச் சொற்கள் எல்லாம் தெரியுமே.”

“எனக்குப் பொத்தான்கள்தான் தெரியும்” என்றேன். அதற்குள் குழந்தை அழத் தொடங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மங்காக்காவோடு போனேன். போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். புத்தகத்தில் இருந்த உஸ்தாதாவின் வாக்கியங்களைப் பொறுக்கி, மன்னிக்கவும், தெரியாமல் நடந்தது, இவர் நல்லவர் என்று ஒரு புதிய பக்கமே தயாரித்துக்கொண்டேன். தொட்டால் பேசும். டாக்ஸியில் அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். “இன்னாமே ஜெபம் பண்ற மாரி” என்றார் மங்காக்கா. அவருடைய வேலை போகிற நேரத்தில் அவர்தான் என்னைத் தேற்ற வேண்டியிருந்தது.

வீட்டில் மகன் சாலிம் கதவைத் திறந்தார். துறைமுகச் சீருடை இன்னும் மாற்றவில்லை. உள்ளே உம்மு சாலிம், இங்கே வழக்கமாக எல்லோரும் உட்காரும் மெத்தை போட்ட தரையில் அல்ல, உயரமான நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கையில் கட்டு. மங்காக்காவை அவர் பார்க்கவே இல்லை. கஹ்வா வந்தது. போதும் என்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்ட வேண்டும். அந்தப் பாடத்துக்குக் கிண்ணம் ஆடும் படத்தை அசைய வைத்ததே நான்தான். பயத்தில் மறந்துவிட்டேன். ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தேன், சாலிமுக்கே அலுத்துப் போகும் வரைக்கும்.

பிறகு டேப்லெட்டை அவர் முன் வைத்து முதல் வாக்கியத்தைத் தொட்டேன். உஸ்தாதாவின் குரல், மூச்சே விடாமல், கண்ணாடி போலப் பேசியது. உம்மு சாலிம் சற்று நேரம் கேட்டார். அப்புறம் உள்ளங்கையைத் திரையின் மேல் வைத்து மூடினார்.

“யார் இவள்?”

“உஸ்தாதா. டீச்சர்.”

“இவள் என் வீட்டுக்கு வந்தாளா? என்னிடம் கஹ்வா குடித்தாளா? இவளை நிறுத்து. குடித்தவள் பேசட்டும்.”

வாக்கியம் சேரவில்லை. சேராமலே பேசினேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது. எங்கள் ஊர். நோய். கட்டில். ‘போ’ கெட்டது. ‘வா’ நல்லது. அம்மா பயம். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் மாமா முதல் தடவை குவைத் கிளம்பிய நாள் நினைவுக்கு வந்தது. ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிறது, மாமா விளையாட்டாக “போறேன்கா” என்றார். அம்மா அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, பெட்டியோடு பிளாட்பாரத்தில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, “வரேன்னு சொல்றா, சொல்லாத வரைக்கும் நவுர மாட்டேன்” என்று அவர் முன்னால் நின்றுகொண்டார். ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் விட்டார். அதைச் சொல்லப் போனேன். ரயிலுக்கு அரபிச் சொல் வாயில் வரவில்லை. எழுந்து நின்று கூவிக் காட்டினேன். மங்காக்கா சட்டென்று புரிந்துகொண்டு மாமாவாக உட்கார்ந்தார். நான் அம்மாவாக அவர் தோளைப் பிடித்து அழுத்தினேன். குப்பம் காலேஜில் தங்க மெடல் வாங்கியவள், ஒரு வரவேற்பறையில் ரயிலாகக் கூவினேன்.

சாலிமின் உதட்டில் சிரிப்பு வந்து போனது. “ஆக, மரியாதைக்காகச் சொல்கிற பொய்” என்றார். அது பொய் இல்லை என்று சொல்லத் தெரிந்தது. பின் என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

உம்மு சாலிம் சிரிக்கவில்லை. “உன் அம்மாவுக்குப் பயம். சரி. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், எனக்குப் பயமில்லையா? வராதபோதும் வருகிறேன் என்கிறீர்கள். நிஜமாகவே வருவதென்றால் என்ன சொல்வீர்கள்?”

“தெரியவில்லை” என்றேன். அந்த மாலையில் நான் சொன்னவற்றில் பிழையில்லாத ஒரே வாக்கியம்.

அவர் மங்காக்காவை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். “இனிமேல் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்லச் சொல். இப்போதே. எனக்கு எதிரில்.” அனா ராயிஹா. சின்ன வாக்கியம்தான். புத்தகத்தில் மங்காக்கா ஒரே தடவையில் பச்சை வாங்கியது. நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

“ஒடம்பு முடியாத மனுசிகிட்ட அந்த வார்த்தய எப்டிமே சொல்றது? நாளக்கி எதனா ஒண்ணு ஆச்சின்னா? வேணாம். டிக்கெட் போட்டா போட்டுக்கட்டும். எம் பொண்ணு படிப்பு போனாலும் போவட்டும். என் வாயால வராது.”

“அவரால் முடியாது” என்று மட்டும் அரபியில் சொன்னேன். மகளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். இரக்கம் கேட்பது போலாகிவிடும் என்று என் தலைக்கனம் தடுத்தது. சாலிம் போனை எடுத்துப் பார்த்தார். எழுந்துவிட்டோம். முடிந்தது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. டேப்லெட்டைப் பையில் போட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே பார்த்துக் கையைக் குவித்து, தெளிவாக, நல்ல உச்சரிப்போடு சொன்னேன்:

“அனா ராஜிஆ.”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. சாலிம் அப்படியே நின்றார். மங்காக்கா தலையில் கை வைத்து, “அடிப்பாவி” என்றார். இவ்வளவு நேரம் எதற்காகக் கூவினேனோ, அதையே செய்துவிட்டு நிற்கிறேன். இதற்கு ‘மறுபடியும்’ இல்லை.

உள்ளிருந்து உம்மு சாலிம், கோபமே இல்லாத குரலில் கேட்டார்: “எப்போது?”

வாய்க்கு வந்த நாளைச் சொன்னேன். “வெள்ளிக்கிழமை.”

“மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. தனியாக. அந்த டீச்சர் வேண்டாம்” என்று என் பையைக் காட்டினார். மகனிடம் திரும்பி, “சனிக்கிழமை வரை டிக்கெட் போடாமல் பொறுக்கும்படி ஏஜென்சிக்குச் சொல். இவர்கள் வருகிறேன் என்றால் வருவார்களா என்று பார்த்துவிடுகிறேன்” என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. மங்காக்கா வேலைக்குப் போய் வந்தார். கிளம்பும்போது ஒன்றும் சொல்வதில்லை, காலைத் தொட்டுப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். பேசாமல் போனால் அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். அதுவும் தப்பாகத்தான் படுகிறது போல. நான் வாக்கியங்கள் தயாரிக்க உட்காருவேன். அவர் என்ன கேட்பார் என்று தெரிந்தால்தானே தயாரிக்க முடியும்? பிள்ளைகள் எத்தனை, உன் கடவுள் யார், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இங்கே எதற்கு வந்தாய். கடைசிக் கேள்விக்கு எனக்கு எந்த மொழியிலும் பச்சை வராது. ஊரில் இருந்தபோது இங்கே வருவதுதான் என் பெருமை. இங்கே, ஊரிலிருந்து கொண்டுவந்தது எதையும் தவறாகச் செய்துவிடுவேனோ என்பதுதான் என் பயம். குப்பம் பஸ்ஸில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டு வரும். யாரும் யாருக்கும் பச்சை காட்டியதில்லை. அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து, வாயை மூடிக்கொண்டு போய்வந்தவள் நான் ஒருத்தி மட்டுமே என்று இப்போது தோன்றுகிறது.

வியாழக்கிழமை அம்மாவிடம் போனில் பாதியைச் சொன்னேன். அரபி, வேலை, டிக்கெட் எதுவும் அம்மாவுக்குப் பொருட்டாகப் படவில்லை. “ஒடம்பு முடியாதவங்கள பாக்கப் போற, வெறுங்கையோட போவாத. சாத்துக்குடி வாங்கிக்கினு போ” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தனியாவாமே போற?” என்றார். “ஆமா” என்றேன். “ஏன்மே, வேற ஆளே இல்லியா?” “இல்ல, நாந்தான் போவணும்” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கே அப்போதுதான் தைரியம் வந்தது.

வெள்ளிக்கிழமை அஸர் முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். டேப்லெட்டை அலமாரியில் பூட்டி, சாவியை வாசல் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், பாதி வழியில் திரும்பி ஓடினாலும் எடுக்க முடியாதபடி. கையில் சாத்துக்குடிப் பை. வாயில் ஒரு வாக்கியம்கூட இல்லை. அந்த வீட்டுக் கதவு இன்று சாத்தியிருந்தது. நின்று யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று தெரிந்து, யோசிப்பதற்கு முன் மணியை அழுத்திவிட்டேன். உள்ளே வாக்கர் தரையில் ஊன்றி ஊன்றி நெருங்கும் சத்தம் கேட்டது. என் வலது காலின் செருப்பு வாசற்படியில் கழன்று கிடந்தது. இடது காலில் இன்னும் மாட்டியிருந்தது. தாழ்ப்பாள் அசைந்தது.